ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைப் பிடித்தல்: நெகட்டிவில் தெரியும் குறைகளும் கையில் செய்ய வேண்டிய திருத்தங்களும்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் காட்சியைப் பார்ப்பது லென்ஸின் வழியாக அல்ல. கேமரா உடலின் இடது மூலையில் இருக்கும் வ்யூஃபைண்டர் என்னும் தனிச் சாளரத்தின் வழியாக. லென்ஸின் முன்னால் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தாலும், கழுத்து வார் குறுக்கே தொங்கினாலும், சாளரத்தில் காட்சி தெளிவாகவே தெரியும். ஃபிலிம் கேமரா என்பதால் எடுத்த படத்தை அங்கேயே பார்க்கவும் வழியில்லை. ஆகவே கையில் நேர்ந்த பிழை ரோலைக் கழுவிய பிறகுதான் வெளிப்படுகிறது. அதற்குள் அதே பிழை முப்பத்தாறு படங்களிலும் பதிந்திருக்கக்கூடும். இதனால்தான், கண்ணில் படும் குறையிலிருந்து தொடங்கி, அதற்கான காரணம் கையில் எங்கே இருக்கிறது என்று பின்னோக்கித் தேடும் வழியை இங்கே மேற்கொண்டிருக்கிறேன். இடது, வலது என்று சொல்லுமிடமெல்லாம் படம் எடுப்பவரின் இடது, வலது என்றே கொள்ள வேண்டும்.

குறைகளுக்குள் போகுமுன் அடிப்படைப் பிடியைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் திருத்தங்கள் பெரும்பாலும் இதற்குத் திரும்புவதாகவே அமையும். கேமராவின் எடையைத் தாங்க வேண்டியது இடது கை. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, தட்டு ஏந்துவது போல வைத்து, கேமராவின் அடித்தகட்டின் இடது பாதியை அதன் மேல் அமர்த்த வேண்டும்; அந்தக் கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் அல்லது நடுவிரலும் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கீழிருந்து தொட வேண்டும். வலது கைக்கு மூன்று வேலைகள்தாம்: பொத்தானை அழுத்துவது, அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுப்பது, கேமராவை முகத்தோடு இலேசாக அணைப்பது. முழங்கைகள் இரண்டும் விலாவைத் தொட்டிருக்கட்டும். கேமராவின் பின்புறம் நெற்றியிலோ புருவ எலும்பிலோ அழுந்தி நிற்கட்டும். இரு கைகளோடு முகமும் சேர்ந்தால்தான் பிடிக்கு மூன்று தாங்குமுனைகள் கிடைக்கும்.

பிடியைச் சோதிக்க ஃபிலிம் வேண்டியதில்லை. கேமராவை வெறுமையாக வைத்துக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, வழக்கமாகப் படம் எடுப்பது போலவே கண்ணில் வைத்து, பொத்தானை அழுத்தும் கணத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். பிறகு முகத்தை மட்டும் சற்று விலக்கி, எந்த விரல் எந்தச் சாளரத்தின் மேல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீழே வரும் குறைகளில் பாதியை இந்தச் சோதனையே காட்டிக் கொடுத்துவிடும்.

படங்கள் கலங்கலாக வருகின்றன

முதலில் கலங்கல் எவ்வகைப்பட்டது என்று பிரித்தறிய வேண்டும். பிரிக்காமல் பிடியை மாற்றுவது வீண் உழைப்பு. நெகட்டிவை ஒளிப்பலகையில் வைத்து எட்டு அல்லது பத்து மடங்கு பெருக்கும் லூப்பால் பாருங்கள். தெருவிளக்கு, மூக்குக் கண்ணாடியில் விழுந்த ஒளித்துளி, பாத்திரத்தின் விளிம்பு மினுக்கம் போன்ற ஏதாவதொரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் புள்ளி சிறு கோடாக நீண்டிருந்து, படத்தின் எல்லா மூலைகளிலும் உள்ள புள்ளிகள் அதே திசையில், அதே நீளத்தில் நீண்டிருந்தால், அசைந்தது கேமரா. நடந்து போகிறவர் மட்டும் இழுபட்டு, பின்னாலிருக்கும் சுவர் கூர்மையாக இருந்தால் அசைந்தது ஆள். உங்கள் பிடியில் தவறில்லை, ஷட்டர் வேகம்தான் போதவில்லை. முகம் மசமசவென்றும் அதற்கு ஒரு முழம் பின்னாலிருக்கும் தூண் கூர்மையாகவும் இருந்தால் அது ஃபோகஸ் பிழை.

அசைந்தது கேமராதான் என்று உறுதியானால் கோட்டின் திசையைப் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் காரணம் ஏறக்குறைய எப்போதும் வலது சுட்டுவிரல்தான். பொத்தானை விரல் நுனியால் குத்துகிறவர்களின் கேமரா, ஷட்டர் திறக்கும் நொடியிலேயே வலது முனையில் கீழே இறங்குகிறது. சுட்டுவிரலைச் சற்று முன்னே தள்ளி, பொத்தானின் மேல் படுக்க வைத்து, முதல் கணுவுக்கு மேலுள்ள சதைப்பற்றான பகுதியால் மெல்லச் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தத் தொடங்குவதற்கும் ஷட்டர் இயங்குவதற்கும் இடையிலுள்ள தூரம் கேமராவுக்குக் கேமரா மாறும். லைக்கா எம் வரிசையில் அது குறைவு. யாஷிகா எலக்ட்ரோ 35-இல் பொத்தான் வெகு ஆழம் இறங்கிய பின்புதான் ஷட்டர் இயங்கும். அந்த யாஷிகாவை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பாதி வழியில் பொறுமையிழந்து பொத்தானைத் தள்ளிவிடுவதால்தான் பல படங்கள் கெடுகின்றன. ஃபிலிம் போடாமல் பல முறை அழுத்தி, எந்த ஆழத்தில் ஷட்டர் இயங்குகிறது என்பதை விரலுக்குப் பழக்கிவிட வேண்டும். பாதி அழுத்தும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால் கேமரா 1/30 நொடிக்கும் குறைந்த வேகத்தைத் தேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது சாய்ந்துகொள்ளச் சுவரையோ தூணையோ தேடுவது நல்லது.

கோடு பக்கவாட்டில் நீண்டிருந்தால் உங்கள் உடல் ஆடியிருக்கிறது. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒரு காலைச் சற்று முன்வைத்து நின்று, மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்திய கணத்தில் அழுத்துங்கள். மூச்சை நெடுநேரம் அடக்குவது எதிர்விளைவையே தரும். நெஞ்சுத் துடிப்பு கைக்கு வந்துவிடும்.

கோடு வளைந்தோ கொக்கி வடிவிலோ இருந்தால் பிடி அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் கேமரா அசையாது என்று பலரும் நம்புகிறார்கள்; அது சரியல்ல. முறுக்கேறிய தசை நடுங்கும். உடல் சமதளமாகவும் முனைகள் உருண்டும் இருக்கும் லைக்கா எம்3 போன்ற கேமராக்களை வலது கை மட்டும் பற்றும்போது இந்த நடுக்கம் கூடுகிறது. ஏனெனில் அவற்றில் விரல் மாட்டிக்கொள்ள மேடு எதுவும் இல்லை. எடையை இடது உள்ளங்கைக்கு மாற்றியவுடன் வலது கை தானாகத் தளர்வதை உணரலாம்.

எந்த வேகம் வரை கையில் வைத்து எடுக்கலாம்? லென்ஸின் குவியத் தூரத்தைக் கீழெண்ணாக வைத்துக்கொள்ளும் பழைய கணக்கு, அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60 நொடி என்பது, தொடங்குகிறவர்களுக்கு நல்ல எல்லை. லென்ஸ் வழியாகப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் போல மேலெழும்பி அடிக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி ரேஞ்ச்ஃபைண்டரில் இல்லாததால், பிடி சரியாக அமைந்தவர்கள் 35 மி.மீ. லென்ஸோடு 1/15 வரை இறங்க முடியும். கேனனெட், யாஷிகா போன்ற, லென்ஸுக்குள்ளேயே இதழ்கள் போலத் திறந்து மூடும் இதழ் ஷட்டர் கேமராக்களில் ஷட்டரின் அதிர்வும் மிகக் குறைவு. ஆனால் இந்த நன்மை பொத்தானைக் குத்துகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

நடுவிலுள்ள இரட்டை உருவம் மறைந்து போகிறது, அல்லது ஃப்ரேம் கோடுகள் மங்குகின்றன

வ்யூஃபைண்டரின் நடுவிலுள்ள வெளிறிய சதுரத்தில் காட்சி இரண்டாகத் தெரியும்; ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப, இரண்டும் ஒன்றாகச் சேரும்போது ஃபோகஸ் சரி. படத்தில் பதியும் எல்லையைக் காட்டுபவை ஃப்ரேம் கோடுகள். லைக்கா எம்3, எம்2, எம்4, எம்6 ஆகியவற்றின் முன்முகத்தில் மூன்று சாளரங்கள் உண்டு. இடது ஓரத்தில் இருப்பது நாம் பார்க்கும் பெரிய சாளரம். நடுவில் பனி படர்ந்தாற்போல் இருப்பது ஃப்ரேம் கோடுகளுக்கு வெளிச்சம் தருவது. அதற்கும் வலப்பக்கம், லென்ஸுக்கு மேலாக இருக்கும் சின்னஞ்சிறு சாளரமே ஃபோகஸுக்கான இரண்டாவது உருவத்தை உள்ளே கொண்டுவருகிறது. நடுவிலுள்ள வெளிறிய சதுரத்தில் இரட்டை உருவம் தெரியாமல் போனால் சின்னஞ்சிறு சாளரத்தின் மேல் விரல் இருக்கிறது. கோடுகள் மட்டும் மங்கினால் நடுச் சாளரத்தின் மேல் விரல் இருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி வலது நடுவிரல். லென்ஸை மேலிருந்து பிடிக்கிறவர்களுக்கு இடது சுட்டுவிரல். வலது கையின் நடு, மோதிர விரல்களை மடக்கி உடலின் வலது விளிம்போடு நிறுத்துங்கள். இடது கையை லென்ஸுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

லென்ஸ் பொருந்தும் வளையத்தின் அருகே ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. அது வேறு லென்ஸுக்குரிய கோடுகளை எடுத்துக்காட்டுவதற்கானது. விட்டவுடன் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கோடுகள் திடீரென்று மாறிப் பிறகு தாமாகவே சரியாவது கேமராவின் கோளாறு அல்ல. அந்த நெம்புகோலை விரல் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

கான்டாக்ஸும் கியேவும் இந்த விஷயத்தில் தனி வகை. ட்ரெஸ்டனிலிருந்து ட்சைஸ் ஐக்கான் நிறுவனம் 1936-இல் வெளியிட்ட கான்டாக்ஸ் 2-இல், ஃபோகஸின் துல்லியத்துக்காக இரு சாளரங்களுக்கும் இடையே 90 மி.மீ. தூரம் வைத்தார்கள். இதனால் இரண்டாவது சாளரம் வலது விரல்கள் இயல்பாகப் படியும் இடத்திலேயே வந்து நிற்கிறது. போருக்குப் பிறகு அதே அமைப்பில் சோவியத் யூனியனில் உருவான கியேவுக்கும் இது பொருந்தும். லைக்கா பிடியோடு இவற்றை எடுத்தால் இரட்டை உருவம் எப்போதும் மறைந்தே இருக்கும். பொத்தானுக்கு முன்னால் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கும். ஃபோகஸை அதைச் சுழற்றியும் செய்யலாம். சுட்டுவிரல் பொத்தானிலும் நடுவிரல் அந்தச் சக்கரத்திலுமாக, சாளரத்துக்கு மேலே வளைந்து நிற்க, மோதிர விரலும் சுண்டுவிரலும் சாளரத்துக்குக் கீழே மடங்க வேண்டும். முதலில் விசித்திரமாகத் தோன்றும் இந்தப் பிடி பழகிவிட்டால், வலது கை ஒன்றாலேயே ஃபோகஸும் செய்து படமும் எடுக்கலாம் என்பது இந்தக் கேமராக்களின் பெருமை.

விரல்களை முற்றிலும் விலக்கிய பிறகும் உருவம் மங்கலாகவே இருந்தால் உள்ளிருக்கும் கண்ணாடியின் பூச்சு தேய்ந்திருக்கலாம், அல்லது தூசி படிந்திருக்கலாம். பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

படத்தின் ஓரத்தில் கரிய, மங்கலான நிழல் விழுகிறது

லென்ஸின் முன் விரலோ வாரோ வந்திருக்கிறது. பிரிண்டில் எந்தப் பக்கம் நிழல் விழுகிறதோ, லென்ஸின் அதே பக்கத்தில்தான் தடை இருந்திருக்கும். கீழ் இடது மூலை என்றால் இடது கை. வலது மேல் மூலை என்றால் நீட்டி நின்ற வலது நடுவிரல். மேல் விளிம்பிலிருந்து பட்டையாக இறங்கினால் வார். அகலமான கோணமுள்ள 28, 35 மி.மீ. லென்ஸ்களில் இது அதிகம் நேரும், ஏனெனில் அவை குட்டையானவை, அவற்றின் பார்வையும் ஓரம் வரை விரிந்தது. குட்டை லென்ஸ்களில் வளையத்தைச் சுற்றிப் பிடிக்காமல், அடியிலிருக்கும் பிறை வடிவ நாக்கில் ஒரு விரலை மட்டும் வைத்துத் திருப்பினால் விரல் முன்னே வராது. லென்ஸின் முன்னால் பொருத்தும் மறைப்பான லென்ஸ் ஹுட் மாட்டினால் விரல் முன்வருமுன் அதன் விளிம்பில் இடித்து எச்சரிக்கும். வெளிச்சச் சிதறலைத் தடுப்பதைவிட இந்த ஒரு காரணத்துக்காகவே ஹுட்டைப் பரிந்துரைப்பேன்.

அடிவானம் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது

பிரிண்டில் அடிவானம் இடமிருந்து வலமாக மேலேறினால், அழுத்தும்போது கேமராவின் வலது முனை தாழ்ந்திருக்கிறது. மேலே சொன்ன குத்தும் விரலின் வேறொரு விளைவே இது. வலது சுண்டுவிரலை மடக்கி அடித்தகட்டுக்குக் கீழே முட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெட்டுவாக்கில் எடுக்கும்போது தடுமாற்றம்

இரண்டு வழிகள் உள்ளன. வலது கை மேலே வரும்படி திருப்பினால் பொத்தானை அழுத்துவது எளிது. ஆனால் வலது முழங்கை காற்றில் தொங்கும். அப்போது கேமராவின் குறுகிய இடது முனை முழுவதும் இடது உள்ளங்கையில் அமர்ந்திருக்க வேண்டும், பின்புறம் நெற்றியில் அழுந்த வேண்டும். வலது கை கீழே வரும்படி திருப்பினால் இரு முழங்கைகளும் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். வலது உள்ளங்கை எடையைத் தாங்க, பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தலாம். மெதுவான வேகங்களுக்கு இரண்டாவது வழியையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன்.

இந்த நிலையில் ஃபோகஸ் பிடிபடவில்லை என்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரட்டை உருவம் கேமராவின் நீளவாக்கிலேயே விலகுகிறது. கேமரா படுத்திருக்கும்போது கதவு விளிம்பு, மின்கம்பம் போன்ற செங்குத்துக் கோடுகள் உதவும். நிமிர்த்திவிட்டால் புருவம், சன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பு போன்ற கிடைக்கோடுகளைத் தேட வேண்டும்.

பிடித்தபடி எடுத்த சில படங்களில் மட்டும் வெளிச்சம் தவறுகிறது

சோவியத் கேமராக்களான ஜோர்க்கி, ஃபெட், லென்ஸைத் திருகி மாட்டும் பழைய லைக்கா ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்கானது இது. அவற்றில் ஷட்டர் வேகத்தைக் காட்டும் வட்டு, ஷட்டர் இயங்கும்போது தானும் சுழலும். சுட்டுவிரலின் பக்கவாட்டுச் சதை அந்த வட்டில் உரசினால் ஷட்டர் திரையின் ஓட்டம் தடைப்பட்டு வெளிச்ச அளவு மாறிவிடும். கேமராவை எட்டப் பிடித்துக்கொண்டு, வட்டின் மேல் கண் வைத்து, ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது எவ்வளவு விசையோடு சுழல்கிறது என்று கண்டபின் விரல் தானாக விலகி நிற்கும். லைக்கா எம் வரிசையில் வட்டு அசையாது. அங்கே இந்தக் கவலை இல்லை.

மணிக்கட்டு வலிக்கிறது, விரல்கள் மரத்துப் போகின்றன

லைக்கா எம்6-இன் உடல் மட்டும் ஏறத்தாழ 560 கிராம். லென்ஸோடு சேர்ந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஏறத்தாழ 750 கிராம். நாள் முழுவதும் வலது கையின் நுனி விரல்களில் தொங்கவிட இது அதிகம். படம் எடுக்காத நேரத்தில் கேமராவை இடது உள்ளங்கைக்கு மாற்றிவிடுங்கள்; அல்லது வாரில் விட்டுவிட்டுக் கைகளைத் தளர்த்துங்கள். வலது கட்டைவிரலுக்குப் பிடிமானம் வேண்டுமென்றால், எம்4 முதலான லைக்காக்களில் ஃபிலிம் லீவரைச் சற்று வெளியே இழுத்து, அதன் கீழ் விரலை வைத்துக்கொள்ளலாம். மேலே மாட்டும் கட்டைவிரல் தாங்கி வாங்குவதானால், டிஜிட்டல் கேமராவுக்காகச் செய்யப்பட்டது ஃபிலிம் லீவரின் பாதையை மறிக்கக்கூடும் என்பதால், உங்கள் கேமராவில் பொருத்தி லீவரை முழுதும் இழுத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். அடியில் திருகும் கைப்பிடிகள் பெரிய கைகளுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் அடித்தகட்டைக் கழற்றி ஃபிலிம் போடும் கேமராக்களில் ஒவ்வொரு ரோலுக்கும் அதையும் கழற்ற வேண்டியிருக்கும்.

வியர்க்கும் கையில் கேமரா வழுக்குவதும் வலிக்கு ஒரு காரணம். வழுக்குவதை ஈடுசெய்யவே நாம் இறுக்குகிறோம். சட்டைப் பையில் ஒரு பருத்தித் துணி போதும்.

மூக்கும் கண்ணாடியும் இடிக்கின்றன

வலது கண்ணால் பார்த்தால் மூக்கு கேமராவின் இடது விளிம்புக்கு வெளியே நிற்கும். இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு மூக்கு பின்புறத்தில் நசுங்கும், லீவரை இழுக்கும்போது கட்டைவிரல் முகத்தில் படும். இரு கண்ணும் சமமாகத் தெரிகிறவர்கள் வலது கண்ணுக்கு மாறுவது நலம். மாற முடியாதவர்கள் கேமராவை முகத்திலிருந்து சற்று இறக்கி லீவரை இழுத்தபின் மீண்டும் ஏற்றலாம். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் எம்3-இன் உலோக விளிம்பு கண்ணாடியில் கீறல் போடும் என்பதால், சாளரத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கேமரா கைநழுவுமோ என்ற அச்சம்

இந்த அச்சம் நியாயமானதா என்பதை வாரின் இரு முனைகளிலும் உள்ள உலோக வளையங்களே சொல்லும். சாவிக்கொத்து வளையம் போன்ற அந்த வளையத்தைச் சுற்றி நகத்தை ஓட்டுங்கள். ஓரிடத்தில் நகம் இடுக்கில் மாட்டினால் வளையம் விரியத் தொடங்கியிருக்கிறது, உடனே மாற்றுங்கள். பிறகு வளையம் நுழையும் காதைப் பாருங்கள். பல்லாண்டு உரசலில் அங்கே பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் பாதிக் கனத்தை எட்டியிருந்தால் அந்தக் காதை நம்பாதீர்கள். ஜோர்க்கி 4-இன் பல உடல்களில் வார் மாட்டக் காதுகளே கிடையாது. தோலுறையில் தொங்கவிடுவதுதான் வழி. அந்த உறை அடியிலுள்ள ஒற்றைத் திருகையும் பழைய நூல் தையலையும் நம்பி நிற்கிறது. திருகை ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள். தையலை இழுத்துப் பாருங்கள். நூல் உதிர்ந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புதிய நூலால் தைத்து வாங்குவது சில நிமிட வேலை.

வாரின் நீளம், கேமரா நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் இடையே நிற்கும்படி இருக்கட்டும். அதைவிட நீண்டால் குனியும்போது கேமரா ஊசலாடி மேசை விளிம்பில் மோதும். மணிக்கட்டு வார் விரும்புகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: எடை முழுவதும் ஒரே வளையத்தில் நிற்பதால் மேற்சொன்ன நகச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும்.

கேனனெட் க்யூஎல்17 ஜி3 வைத்திருப்பவர்கள் இடது கை மேலே ஏறுவதைத் தவிர்க்க வேண்டும். ஃபிலிமைத் திரும்பச் சுருட்டும் ரீவைண்ட் குமிழை மேலே இழுத்தால் அதன் பின்கதவு திறந்துவிடும். அவசரத்தில் கேமராவைப் பையிலிருந்து அந்தக் குமிழைப் பற்றித் தூக்கினால் ஃபிலிம் வெளிச்சத்தில் கெட்டுப்போகும்.

எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி

இது கேமராவைச் சுமக்கும் முறையால் வருவது. துணித்திரை ஷட்டர் உள்ள லைக்கா, ஜோர்க்கி, ஃபெட் கேமராக்களில், லென்ஸுக்கும் திரைக்கும் இடையே வெயிலைத் தடுக்க எஸ்எல்ஆரில் உள்ளது போன்ற பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லை. மூடி போடாத லென்ஸ், முழுதும் திறந்த துளையோடும் முடிவிலி ஃபோகஸோடும் சூரியனை நோக்கித் தொங்கினால், குவிந்த வெயில் ரப்பர் பூசிய திரையில் பொட்டுத் துளையிட்டுவிடும். நெகட்டிவில் கரும்புள்ளியாகவும் பிரிண்டில் வெண்புள்ளியாகவும் அது தெரியும். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் திரைக்குப் பின்னால் சிறு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். திரைகள் இரண்டு என்பதால் லீவரை இழுப்பதற்கு முன்னும் பின்னும் இரு முறை பார்க்க வேண்டும். துளை இருந்தால் திரையைத்தான் மாற்ற வேண்டும்.

இனி வராமல் தடுக்க மூடியை நம்புகிறவர்கள், மூடி மாட்டியிருப்பது வ்யூஃபைண்டரில் தெரியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்; ரோல் முழுதும் வெறுமையாகத் திரும்பி வரக்கூடும். படம் எடுத்து முடித்தவுடன் லென்ஸின் துளையைச் சுருக்கி, ஃபோகஸை மிக அருகிலுள்ள தூரத்துக்குத் திருப்பி, லென்ஸ் உடலை நோக்கி இருக்கும்படி கேமராவைத் தொங்கவிடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். இதழ் ஷட்டர் உள்ள கேனனெட், யாஷிகா கேமராக்களுக்கு இந்த ஆபத்து இல்லை.